மூன்றாம் பாட்டுக்கும் நான்காம் பாட்டுக்கும் நடுவில்

ஆல்பம் என்ற சொல்லைத் தமிழில் ‘இசைத்தொகுப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லோடு நெடுநாள் பிணக்கு. தொகுப்பு என்றால் கிடைத்ததைச் சேர்த்துக் கட்டிவைப்பது. நம் வீடுகளில் ஆல்பம் என்றால் கல்யாண ஆல்பம்தானே, அதை நினைத்துப் பாருங்கள். யாரும் அதை நடுவிலிருந்து பிரிப்பதில்லை. முதலில் பிள்ளையார், பிறகு பெண்ணழைப்பு, நலங்கு, தாலி கட்டு, கடைசியில் பந்தி. வந்தவர் அவசரத்தில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் தள்ளினால் வீட்டில் ஒரு சித்தி கையைப் பிடித்து நிறுத்துவார்: “இருப்பா, அதுக்கு முன்னாடி ஒன்னு இருக்கு.” இசை ஆல்பத்துக்கு இதைவிட நல்ல வரையறையை நான் எந்த இசைப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

இன்னும் கறாரான வரையறை வேண்டுமென்றால் தண்டியலங்காரம் இருக்கிறது. அது செய்யுளை நான்காகப் பிரிக்கிறது: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. முத்தகம் தனியாக நின்று தானே முடிந்துவிடும் ஒற்றைப் பாட்டு. குளகம் பல பாட்டுகள் சேர்ந்து ஒரே வினையில் முடிவது. தொகைநிலை என்பது அகநானூறு, புறநானூறு மாதிரி பல பாட்டுகளை ஏதோ ஒரு பொதுமை பார்த்துச் சேர்த்து வைப்பது. தொடர்நிலை வேறு. அதில் ஒன்றை அடுத்து இன்னொன்று வந்தே ஆகவேண்டும்; பொருளால் தொடர்ந்தால் காப்பியம், சொல்லால் தொடர்ந்தால் அந்தாதி. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இப்படிப்பட்ட வகைப்பாடுகள் மேல் ஒரு சபலம் உண்டு, மன்னியுங்கள். ஆனால் இந்த நாலு சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் தமிழில் ஆல்பம் பற்றிய பேச்சு ஏன் எப்போதும் வேறெங்கோ போய் முட்டிக்கொள்கிறது என்று புரியும்.

நம்முடையது முத்தகத்தில் வளர்ந்த காது. சினிமாப் பாட்டு ஒரு முத்தகம். நாலரை நிமிடத்தில் முன்னிசை, பல்லவி, இடையிசை, இரண்டு சரணம் என்று ஓர் உலகம் கட்டி முடிக்கப்படுகிறது. அடுத்த பாட்டு அடுத்த உலகம். இதற்கும் அதற்கும் உறவு திரைக்கதையில்தான் இருக்கிறது, இசையில் இல்லை. அந்தப் பாட்டுகளைக் கேசட்டில் போட்டபோது தொகைநிலை ஆனது. நாங்கள் அதையும் கலைத்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் ரெக்கார்டிங் சென்டர்கள் இன்னும் உயிரோடு இருந்தன. ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, 60 நிமிட கேசட் வாங்கிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். நாங்கள் போகும் கடைக்காரர் கொடுக்கும்போது தவறாமல் ஒன்று சொல்வார்: “பி சைடுல மூணு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு தம்பி, நானா ஒன்னு போட்டுட்டேன்.” அவர் போட்டது பட்டியலில் உள்ளவற்றைவிடப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் அது எதற்கும் அடுத்து வந்த பாட்டு அல்ல. மிச்ச இடத்தை அடைத்த பாட்டு.

இப்போது அந்தக் கடைக்காரர் செய்ததை ஒரு நிரல் செய்கிறது. 2021 நவம்பரில் அடேலின் ‘30’ வந்தபோது அவர் கேட்டுக்கொண்டதற்காக ஸ்பாட்டிஃபை ஆல்பப் பக்கங்களில் முதலில் நிற்கும் ஷஃபிள் பொத்தானை எடுத்தது. கோடிக்கணக்கில் விற்கும் ஒருவர் “நான் வைத்த வரிசையில் கேளுங்கள்” என்று விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. என் நண்பர்கள் அதைச் சிரித்துக் கடந்தார்கள். அன்று என்னுடைய கட்சி அடேல்.

சரி, வரிசை வரிசை என்கிறேனே, ஓர் ஆல்பத்தை எப்படி மதிப்பிடுவது? என்னிடம் ஒரே சோதனைதான். மூன்றாம் பாட்டு முடிந்து நான்காம் பாட்டு தொடங்கும் அந்த இரண்டு நொடியில் ஏதாவது நடக்கிறதா? முதல் பாட்டு எப்போதும் கவர்ச்சியானதாகத்தான் இருக்கும், அதை நம்பக்கூடாது. இரண்டாவது அதன் உறவினர். மூன்றாவது வரை ஓட்டத்தில் போய்விடலாம். நாலாவதில்தான் செய்தவருக்கு ஒரு திட்டம் இருந்ததா, இல்லை கையில் இருந்ததை அடுக்கினாரா என்று தெரியும்.

சோதனைச்சாலை செங்கல்பட்டு மின்சார ரயில். காலையில் கொளவாய் ஏரி ஜன்னலில் ஓடும்போது தொடங்கினால் தாம்பரம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான் நன்றாகப் பிடிக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் அதே முக்கால் மணி. உலகத்தின் பெரிய ஆல்பங்களில் பாதி, செங்கல்பட்டு–தாம்பரம் தூரத்துக்கு அளந்து செய்தவை போல இருக்கின்றன.

பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) இந்த அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும், 43 நிமிடத்துக்குச் சற்றே குறைவு. இது முழுக்கச் சொல் தொடர்நிலை. ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையாக வருகிறது, இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடிகிறது, அந்தாதிக்கு இலக்கணம் எழுதியவர் கேட்டால் மண்டலித்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டிருப்பார். மூன்றாவதில் ஓடிக்கொண்டே இருக்கும் ஏதோ ஒன்று வெடிக்கிறது, காலடி ஓசை, ஒரு கணம் ஒன்றுமில்லை, பிறகு அத்தனை கடிகாரங்களும் ஒன்றாக அடிக்கின்றன. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் இறங்கும் கூச்சலிலும் அந்தக் கடிகாரங்கள் என்னைத் தூக்கிப்போட்டிருக்கின்றன. என் குறை ஒன்றுதான்: தைத்த இடம் தெரியாத அளவுக்குத் தைத்துவிட்டார்கள். எங்கே நெகிழவேண்டும், எங்கே பயப்படவேண்டும் என்று எல்லாமே முடிவு செய்யப்பட்டிருக்கிறது. கட்டுப்பாட்டை மீறிப் போகிற ஒரே இடம் கிளேர் டாரி சொல்லே இல்லாமல் கதறிப் பாடும் பகுதி. அவருக்கு அன்று கொடுத்தது 30 பவுண்ட். அந்தப் பாட்டின் ஆக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்று பெயர் சேர்ந்தது வழக்குக்குப் பிறகு, 2005இல்.

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) பற்றி ஏற்கெனவே ஊரெல்லாம் எழுதியாகிவிட்டது. நான் சேர்க்க விரும்புவது ஒரு பொறியியல் விஷயம். முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் ஒரே நாளில் பதிவானவை. அன்று முதன்மை ஒலிநாடாப் பொறி சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் தட்டில் அந்த மூன்றும் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் சுருதி ஏறி ஒலித்தன. 1992 மறுவெளியீட்டில்தான் சரிசெய்தார்கள். அதாவது, முப்பது வருடத்துக்கும் மேலாக உலகம் ஒரு சுருதியில் மூன்று பாட்டைக் கேட்டு, தட்டைத் திருப்பிப் போட்டு, மயிரிழை தள்ளிய இன்னொரு சுருதியில் நான்காவதைக் கேட்டிருக்கிறது. யாரும் திட்டமிடாத இடைவெளி. திருத்திய பதிப்புதான் சரியானது, சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பழைய தட்டில் பக்கம் மாறும்போது வெளிச்சம் மாறியது போலத் தோன்றியது என்று யாராவது சொன்னால் நான் நம்புவேன்.

பொருள் தொடர்நிலைக்கு நம் பக்கத்து உதாரணம் ‘கால் ஆஃப் தி வேலி’ (1967). சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிடார். காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாள்தான் கதை. ஒரு சொல் பாடாமல், ராகங்களின் பொழுது இலக்கணத்தை வைத்தே கதை நகர்கிறது. ஆஹிர் பைரவில் விடிகிறது, பூப்பில் மாலை, தேஷில் இரவு. நம் மரபிலேயே வரிசைக்கான காரணம் தயாராக இருந்தது, அதை எடுத்துத் தட்டில் வைத்தார்கள், அவ்வளவுதான். சில இடங்களில் சுற்றுலாத் துறை காலண்டர் போல அழகாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷஃபிளில் போட்டால் இடையன் ராத்திரியில் மாடு ஓட்டிப் போய் விடியலில் தூங்குவான்.

தமிழ்க் காதுக்கு வரிசையே தெரியாது என்று நான் சொல்லவரவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக 1963இல் வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் எந்தக் கோயில் பக்கத்தில் வீடு எடுத்தாலும் அந்தத் தட்டு உங்களுக்கு மனப்பாடம். அடுத்து எந்த இடத்தில் குரல் ஏறும், எங்கே தாளநடை மாறும், எப்போது முடிந்து அடுத்த தோத்திரம் வரும் என்று சம்ஸ்கிருதம் ஒரு எழுத்து தெரியாதவருக்கும் தெரியும். கூம்பு ஸ்பீக்கர் கீழ்ஸ்தாயி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் தெருவில் எறியும். அந்தச் சிதைவையும் தாண்டி வரிசை நின்றிருக்கிறது. மார்கழியில் திருப்பாவை இன்னும் விசேஷம். அரியக்குடி மெட்டமைத்து எம்.எல். வசந்தகுமாரி பாடிய முப்பதும் முப்பது நாளுக்கு, நாளுக்கு ஒன்று. ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 24 மணி நேர இடைவெளி வைத்த ஆல்பம் வேறெங்கே இருக்கிறது?

ஆக, பழக்கம் இருக்கிறது. பக்தியில் வைத்துக்கொள்கிறோம், ரசனைக்குக் கொண்டுவருவதில்லை. ரசனை என்று வந்துவிட்டால் நம் விமர்சனம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றுகிறது: யாரோடு யார் சேர்ந்தார்கள்? கர்நாடகமும் ஜாஸும் கைகோத்தன, பாக்கும் தியாகராஜரும் கட்டிப்பிடித்தார்கள், கிழக்கும் மேற்கும் சந்தித்தன. இது கல்யாணப் பத்திரிகை. இன்னார் வீட்டுப் பெண்ணுக்கும் இன்னார் வீட்டுப் பையனுக்கும் என்பதோடு பத்திரிகையின் வேலை முடிந்தது. குடித்தனம் எப்படி நடந்தது என்றல்லவா விமர்சகர் சொல்லவேண்டும்?

சக்தி குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் மெக்லாக்லினின் கிடார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம், முதல் ஆல்பத்தில் ராம்நாடு ராகவனின் மிருதங்கமும் உண்டு. அந்த முதல் ஆல்பம் 1975 ஜூலையில் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரி மேடையில் பதிவானது. கிழக்கு–மேற்கு கதையை விட்டுவிட்டு அதன் உடம்பைப் பாருங்கள். மொத்தம் மூன்றே உருப்படி: பதினெட்டு நிமிட ஓட்டம், ஐந்து நிமிடம்கூட நிரம்பாத ஒரு தாலாட்டு, பிறகு தட்டின் மறுபக்கம் முழுவதும் ஒன்றே ஒன்று, கிட்டத்தட்ட அரை மணி. இது ஒரு கச்சேரியின் மூச்சு. பெரிய உருப்படிக்கு முன்னால் சின்னதாக ஒன்றைப் பாடிக் காதை அலம்பிவிடுவது நம் வித்வான்களின் பழைய தந்திரம். அந்தத் தாலாட்டை மட்டும் தனியாக எடுத்து ‘மனஅமைதி’ ப்ளேலிஸ்டில் போடுகிறார்கள். அங்கே அது வெறும் சாம்பிராணிப் புகை. பதினெட்டு நிமிடம் ஓடி இளைத்த பிறகு வந்தால்தான் அது தண்ணீர். என் சோதனைக்கு இதில் நான்காவது பாட்டே இல்லை. விதிவிலக்கு கொடுத்திருக்கிறேன்.

ரஹ்மானின் ‘வந்தே மாதரம்’ (1997) எதிர்ப்பக்கம். தமிழில் வந்த ‘தாய் மண்ணே வணக்கம்’ வடிவத்தையும் சேர்த்து, நம் தலைமுறைக்கு சினிமாவுக்கு வெளியே கிடைத்த முதல் பெரிய ஆல்பம் அதுதான். நுஸ்ரத் ஃபதே அலி கான் அதில் பாடினார். அது வெளிவந்த அதே மாதத்தில் இறந்தும் போனார். அந்த ஒரு பாட்டு இந்தியாவில் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு எது என்று நான் பத்துப் பேரையாவது கேட்டிருப்பேன், எட்டுப் பேர் “அதுல வேற பாட்டு இருக்கா?” என்றார்கள். முத்தகமாகவே வெற்றி பெற்ற ஆல்பம். ரஹ்மானின் படப் பாடல்களில், உதாரணமாக ‘இருவர்’ கேசட்டில், காலம் ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு நகர்வதை நான் அதிகமாக உணர்ந்திருக்கிறேன்.

இனி ராஜா. நிதானமாகப் போகலாம், ஏனென்றால் இங்கேதான் அடி விழும்.

‘ஹவ் டு நேம் இட்?’ 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். பத்து உருப்படிகள், முன்னால் நிற்கும் வயலின் வி.எஸ். நரசிம்மன். பாக்கின் தனி வயலின் பார்ட்டிட்டா ஒன்றின் முன்னிசை ஓட, அதன் மேல் நம் பாணி வயலின் தன் பாட்டுக்கு வந்து உட்காரும் இடம் இருக்கிறதே, அதைக் கேட்டு மயிர் சிலிர்க்காதவரோடு எனக்குப் பேச்சு இல்லை. ஒரு திரைப்பட இசையமைப்பாளர், வருடத்துக்கு ஐம்பது படம் என்ற பேயோட்டத்துக்கு நடுவில், பாட்டோ படமோ இல்லாத ஒரு தட்டுக்கு உட்கார்ந்தார் என்பதே பெரிது. இதெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகு சொல்கிறேன்: அது ஆல்பம் இல்லை. பத்து அற்புதமான முத்தகங்கள்.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களைப் பார்த்திருப்பீர்கள். செங்கல்பட்டிலிருந்து பைக்கில் சுமார் 30 கிலோமீட்டர், எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். ஒன்று குடிசைக் கூரை, ஒன்று வண்டிக்கூடு போன்ற கூரை, ஒன்று யானை முதுகு, மற்ற இரண்டும் அடுக்கடுக்காக ஏறும் விமானங்கள். ஒரு கோயில் எத்தனை விதமாகத் தலை முடியலாம் என்று பாறையிலேயே செய்து பார்த்த மாதிரிகள். எதுவும் முழுசாக முடிக்கப்படவில்லை. ‘ஹவ் டு நேம் இட்?’ அப்படித்தான். இங்கே ஃபியூக் எப்படி வரும், இங்கே வயலினுக்கு ஒரு பயிற்சி, இங்கே சேம்பர் குழு தியாகராஜரை வரவேற்கிறது என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவத்தின் மாதிரி. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் எனக்கு எதுவும் நடக்கவில்லை. இடம் மாற்றி வைத்தாலும் ரதங்கள் ரதங்கள்தான். பாலு மகேந்திரா இதன் பகுதிகளை எடுத்து ‘வீடு’ படத்துக்குப் பின்னணியாக வைத்தபோது அவை வெட்டுப்பட்டதாகத் தோன்றவே இல்லை என்பது எனக்குச் சாட்சி. அங்கே, பாதி கட்டி நிற்கும் ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டு கேட்கும்போது, அவற்றுக்கு ஒரு வரிசையும் அவசரமும் கிடைத்தன.

இதை அர்ச்சுனன் தபசு எதிரே டீக்கடையில் நின்று என் நண்பனிடம் சொன்னேன். வெறியன். பத்து நொடி பேசவில்லை. பிறகு, “ராஜாவோட ரதத்துக்கு சக்கரம் இல்லங்கற. அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“டேய், கல்லுல செஞ்ச ரதம் எதுக்குடா ஓடணும்? அதை நாமதான் சுத்தி வரணும்.”

நல்ல பதில்தான். எதிரே இருந்த சிற்பமே அவன் கட்சிக்குச் சாட்சி சொன்னது. அந்தப் பெரும்பாறையில் தவம் செய்கிறவர், யானைகள், பொய்த்தவப் பூனை எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கின்றன. எங்கே தொடங்கிப் பார்க்கவேண்டும் என்று யாரும் கட்டளையிடுவதில்லை. ஆனால் கல்லுக்கு அந்த வசதி உண்டு, இசைக்குக் கிடையாது. காதில் ஒன்றுக்குப் பிறகுதான் இன்னொன்று வரமுடியும். வரும் வரிசையை ஒருவர் பயன்படுத்தவில்லை என்றால் கையிலிருந்த ஒரு வாத்தியத்தை வாசிக்காமல் விட்டார் என்றுதான் அர்த்தம்.

ராஜா அதை வாசித்த இடம் ‘நத்திங் பட் விண்ட்’ (1988). ‘ஹவ் டு நேம் இட்?’ அளவுக்கு இதை யாரும் கொண்டாடுவதில்லை. ஐந்தே உருப்படிகள், முன்னால் சௌராசியாவின் புல்லாங்குழல், பின்னால் பெரிய வாத்தியக் குழு. அடிக்கடி கேட்கும் புகார், “ரொம்ப இனிப்பா இருக்கு” என்பது. இருக்கட்டும். ஐந்திலும் ஒரே மனிதரின் மூச்சு ஓடுகிறது. எங்கே இழுக்கிறார், எங்கே விடுகிறார் என்று தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தால் ஒரு பாட்டின் முடிவு அடுத்ததற்கு முந்தைய மூச்சிழுப்பாக மாறிவிடுகிறது. இதைத் திட்டம் என்று சொல்வதா, ஒற்றை ஊதுகருவியின் இயல்பு என்பதா? எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

‘திருவாசகம்’ வருவதற்கு முன்னால் ஒரு சுற்றுவழி. எம்.ஐ.ஏ.யின் ‘கலா’ (2007) பற்றித் தமிழில் யாராவது ஆல்பமாக எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தால் அகப்படுவதெல்லாம் ஈழம், சர்ச்சை, விருது. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்து அகதியாக மீண்டும் லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம், முதல் ஆல்பத்துக்குத் தந்தையின் இயக்கப் பெயரையும் இரண்டாவதற்குத் தாயின் பெயரையும் வைத்தார். அமெரிக்க விசா சிக்கலானதால் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். அதில் ஓர் ஊர் சென்னை. முதல் பாட்டில் ‘தளபதி’யின் காட்டுக்குயிலு பாட்டிலிருந்து ஒரு துண்டு ஓடுகிறது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் உறுமி.

உறுமி எங்கள் பக்கத்தில் எங்கே ஒலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆடி மாதக் கூழ் ஊற்றும் திருவிழா, சாவு ஊர்வலம். தோலில் வளைந்த குச்சியை அடிக்காமல் தேய்க்கும்போது வருகிற அந்த ஓலம் நம் ‘நல்ல இசை’ பட்டியல்களில் இருந்ததில்லை. சினிமாவில்கூடக் குத்துப்பாட்டுக்கு அழைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். ‘கலா’வில் அது அலங்காரம் இல்லை, தரை. அதன் மேல்தான் மற்றதெல்லாம் நிற்கிறது. மூன்று பாட்டுக்கு இந்தத் தரை அதிர்ந்துகொண்டே இருக்கிறது. பிறகு நான்காவதாக, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்தின் ஜிம்மி பாட்டு, பப்பி லஹிரியின் மெட்டு, புது உடையில். சிலர் இதைச் சறுக்கல் என்கிறார்கள். எனக்கு இந்த ஆல்பம் திறந்துகொள்வதே இங்கேதான். தெருவில் அடித்துக்கொண்டிருந்த மேளத்திலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு, புலம்பெயர்ந்த ஒரு வீட்டின் கூடத்தில் வீடியோ கேசட் ஓடுகிற இடத்துக்கு ஒரே எட்டில் வந்துவிடுகிறோம். ஊரை விட்டுப் போன தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஊர் அந்த இரண்டு வடிவத்திலும்தான் கையில் இருந்தது. அந்த இரண்டு நொடி இடைவெளிக்குள் ஒரு கடல் இருக்கிறது.

கடைசியில் அவரே கெடுத்துக்கொண்டார் என்பது வேறு கதை. பதினோராவது ‘பேப்பர் ப்ளேன்ஸ்’. தி கிளாஷின் கிடார்த் துண்டு, துப்பாக்கிச் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம். உலகமே அந்தப் பாட்டைப் பிற்பாடு ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ வழியாக அறிந்தது. முடித்திருக்கவேண்டிய இடம் அது. ஆனால் டிம்பலேண்டோடு செய்த ஒரு பாட்டு பன்னிரண்டாவதாக வந்து ஒட்டிக்கொள்கிறது. எங்கள் ரெக்கார்டிங் சென்டர்காரர் ஞாபகம்தான் வரும்.

இப்போது திருக்கழுக்குன்றம் வழியாகப் போகவேண்டும். மாமல்லபுரம் சாலையில் பாதித் தூரத்தில் மலை நிற்கிறது. நண்பகலில் கழுகுகள் வந்து உணவு கொண்ட காலம் போய்விட்டது. மலை மேல் வேதகிரீசுவரர் இருக்கிறார். மாணிக்கவாசகர் இங்கே வந்து பாடிய பதிகம் திருவாசகத்தின் 51 பகுதிகளில் 30ஆவது. ராஜாவின் ‘திருவாசகம்’ 2005இல் தமிழ் மையம் வழியாக வந்தபோது ஊர்க்காரன் என்ற உரிமையில் நான் முதலில் தேடியது அதைத்தான். இல்லை. ஆறு உருப்படிகளில் எங்கள் மலைக்கு இடமில்லை.

அந்த ஆல்பத்தைப் பற்றி வந்தவை எல்லாம் வழக்கம்போலக் கல்யாணப் பத்திரிகை: புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக் குழு, ஆங்கில வரிகளுக்கு ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ், சைவமும் சிம்பொனியும். ஆங்கில வரிகள் பற்றி என் அபிப்பிராயம் சுருக்கமானது. சிவபுராணத்தின் 95 அடிகளிலிருந்து எடுத்துக் கட்டிய அந்த நீண்ட இரண்டாவது உருப்படியில், தமிழ் பிறவி பிறவியாகப் படியேறிக்கொண்டிருக்கும்போது ஆங்கிலம் வந்து நின்று சப்டைட்டில் போடுகிறது. சேர்ந்திசைக் குரல்கள் சொல்லே புரியாத உயரத்துக்குப் போகும் இடங்களில் எந்த விளக்கமும் தேவைப்படவில்லையே. தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசை அந்த உருப்படியை இரண்டு மூன்று இடங்களில் தரையிறக்கிவிடுகிறது.

ஆனால் வரிசை? நூலில் அவை இருக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். ராஜா தொடங்குவது யாத்திரைப்பத்தில், அது 45ஆவது. அடுத்து சிவபுராணம், 1. பிறகு திருக்கோத்தும்பி 10, பிடித்தபத்து 37, திருப்பொற்சுண்ணம் 9, அச்சப்பத்து 35. நூலின் ஒழுங்கை முழுசாகக் கலைத்துவிட்டு வேறொன்றைக் கட்டியிருக்கிறார். இதை நான் கவனித்த அளவுக்கு யாரும் பேசவில்லை. நூலில் கிட்டத்தட்ட இறுதியில் வரும் “புறப்படுவோம், காலம் வந்துவிட்டது” என்ற அழைப்பைத் தூக்கி முதலில் வைக்கிறார். புறப்பட்ட பிறகுதான் பிறவிகளின் கணக்கு வருகிறது. கடைசியில் சேரும் இடம் வீடுபேறு இல்லை, அச்சம். எதற்கெல்லாம் பயமில்லை, எதைக் கண்டால் பயம் என்ற பட்டியல். ஒரு பக்தி ஆல்பத்தை அங்கே நிறுத்த நெஞ்சுரம் வேண்டும். மங்களம் பாடி முடித்திருந்தால் எல்லாரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நண்பனிடம் இந்த எண்களைச் சொன்னபோது, “பாத்தியா, அன்னிக்கு சக்கரம் இல்லன்ன” என்றான். அது வேறு ரதம் என்றேன். ஏற்கவில்லை.

என் சோதனைக்கு வருகிறேன். மூன்றாவது திருக்கோத்தும்பி. வண்டைக் கூப்பிட்டு, நீ போய் அவன் பாதத்தில் ஊது என்று திரும்பத் திரும்ப அனுப்புகிற பாட்டு. தான் போகமுடியாத இடத்துக்கு ஒரு பூச்சியை அனுப்புகிறவரின் குரல் அது; கேட்டுக்கொண்டே இருக்கிறார், அனுப்பிக்கொண்டே இருக்கிறார். நான்காவது பிடித்தபத்து. இனி விடமாட்டேன், எங்கே போவாய் என்று இறுகப் பற்றிக்கொள்வது. நூலில் இவை இரண்டுக்கும் நடுவில் 26 பகுதிகள் இருக்கின்றன, எங்கள் மலையின் பதிகமும் அவற்றில் ஒன்று. ராஜா அந்த 26ஐயும் எடுத்துவிட்டு, அனுப்பிய கையையும் பற்றிய கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். வண்டு போய்ச் சேர்ந்ததா, பதில் வந்ததா என்று எதுவும் சொல்லவில்லை. வாத்தியங்கள் அடங்குகின்றன, இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை, பிறகு அவருடைய குரல் வருகிறது.